செந்தூல் வீடுகளில் யார் குடியிருக்கலாம்?

ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் ஒருவருக்கொருவர் உறவில்லாத ஏழெட்டு மாணவர்கள் அறை அறையாக வாடகைக்கு இருக்கிறார்கள். அது வீடா, விடுதியா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974இல் இதற்கு ஒரு விடை சொன்னது. பிரிட்டன் 2004இலும் 2010இலும் சட்டம் வகுத்து வேறு வழியில் போனது. சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வரி வழக்கின் வழியாக இதே கேள்விக்கு வந்து சேர்ந்தது. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலோ இது குடியிருப்பாளர் சங்கக் கூட்டங்களிலும் மாநகராட்சிக்குப் போகும் புகார்க் கடிதங்களிலும் நெடுங்காலமாக உலவிக்கொண்டிருக்கிறது. நாடு முழுமைக்குமான தெளிவான விடை இன்னும் கிடைக்கவில்லை.

புகார்கள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு கார் நிற்க வேண்டிய வாசலில் ஐந்து கார்கள். நள்ளிரவு தாண்டியும் அடங்காத சத்தம். குப்பை வண்டி வராத நாளில் வெளியே வைக்கப்படும் பைகள். செமஸ்டர் விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் தேங்கும் தண்ணீர், அதில் பெருகும் ஏடிஸ் கொசு. இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு குறை இருக்கிறது: பக்கத்து வீட்டில் இருப்பவர் யார், ஏதாவது நேர்ந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாத நிலை.

இந்தக் குறைகளை வயதானவர்களின் முணுமுணுப்பு என்று ஒதுக்குவது தவறு. மாணவர்களைத் தொல்லையாகவே பார்ப்பதும் தவறு. இதுவரை முன்வைக்கப்பட்ட விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறின, கோலாலம்பூரின் செந்தூல் போன்ற ஒரு வட்டாரத்துக்கு அவற்றில் எது பொருந்தும் என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

கல்லூரி வந்தது, விடுதி வரவில்லை

கிள்ளான் பள்ளத்தாக்கின் தனியார் கல்லூரிகளில் சில மிகப் பழையவை. துங்கு அப்துல் ரஹ்மான் கல்லூரியும் டெய்லர்ஸ் கல்லூரியும் 1969இல் தொடங்கப்பட்டவை. ஆனால் வெள்ளம்போல் மாணவர்கள் பெருகியது 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டத்துக்குப் பிறகுதான். மறு ஆண்டே பிடிபிடிஎன் கல்விக் கடன் வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைகளுக்கும் கதவு திறந்தது. மோனாஷ் பல்கலைக்கழகம் 1998இல் வந்தது. வகுப்பறைகள் எழுந்த வேகத்தில் படுக்கைகள் எழவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவை சுற்றியிருந்த வரிசை வீடுகள்.

சுபாங் ஜெயாவின் எஸ்எஸ்15 இதற்குக் கண்கூடான சான்று. குடும்பங்களுக்காகத் திட்டமிடப்பட்ட புறநகர்த் தெருக்கள், நடந்து போகும் தூரத்தில் பெரிய கல்லூரிகள், அவற்றை ஒட்டி அறை வாடகைச் சந்தை. பண்டார் சன்வே, காஜாங்கை அடுத்த பண்டார் சுங்கை லோங், தலைநகரின் ஸ்தாப்பாக் ஆகியவற்றிலும் இதே வரலாறுதான். பேராக்கின் கம்பாரில் 2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் வந்தபின், ஈயச் சுரங்கத்துக்குப் பெயர்போன அந்தச் சிற்றூரின் வீட்டுச் சந்தையே மாணவர்களை நம்பியதாக மாறியது.

செந்தூலின் கதை கொஞ்சம் வேறு. இது கல்லூரியால் உருவான வட்டாரம் அல்ல, ரயிலால் உருவானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ரயில்வே பட்டறையைச் சுற்றித் தமிழ்த் தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் குடியேறினார்கள். 1945இல் நேச நாட்டு விமானங்கள் அந்தப் பட்டறையின்மீது குண்டு வீசின. போருக்குப்பின் பட்டறை மீண்டது, குடியிருப்புகளும் மீண்டன. ரயில்வே நிலத்தின் பெரும்பகுதி பின்னாளில் தனியார் மேம்பாட்டுக்குப் போக, பழைய கட்டடம் ஒன்றில் 2005இல் கலை அரங்கம் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி உயர்ந்த கொண்டோமினியங்கள் எழுந்தன.

இன்றைய செந்தூலுக்குக் கொமுட்டர் ரயிலும் எல்ஆர்டியும் உண்டு. 2023 மார்ச்சில் புத்ராஜெயா தடத்தின் இரண்டாம் கட்டத்தோடு செந்தூல் பாராட் எம்ஆர்டி நிலையமும் சேர்ந்தது. ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் உள்ள கோலாலம்பூர் பல்கலைக்கழக வளாகம் சில நிறுத்தங்கள் தள்ளி இருக்கிறது. கிழக்கே ஸ்தாப்பாக் சிறிது தொலைவுதான். ஆகவே இங்கே அறை தேடுபவர் ஒரே கல்லூரியின் மாணவராக இருப்பதில்லை. மருத்துவமனைப் பயிற்சித் தாதி, நகர மையத்தில் வேலை பார்க்கும் இளைஞர், வெளிநாட்டுத் தொழிலாளர், இரண்டு நாள் தங்க வரும் பயணி என எல்லாரும் ஒரே வகை வீட்டுக்குத்தான் போட்டியிடுகிறார்கள். எஸ்எஸ்15இல் பிறந்த வாதங்களை அப்படியே செந்தூலுக்குக் கொண்டுவர முடியாததற்கு இதுவே காரணம்.

ஒரு வீட்டின் தாங்குதிறன்

புகார்களுக்குள் மூன்று வேறுபட்ட விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: எத்தனை பேர் என்பது, எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது, யார் பொறுப்பு என்பது. இவற்றைப் பிரித்துப் பார்க்காத விவாதம் எங்கும் போய்ச் சேராது.

எண்ணிக்கையைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். மலேசியாவின் கழிவுநீர்த் துறை வழிகாட்டி ஒரு வீட்டுக்கு 5 பேர் என்ற கணக்கில், ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்று வைத்தே குழாய்களையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் வடிவமைக்கச் சொல்கிறது. ஒரு தெருவில் ஓரிரு வீடுகளில் 10 பேர் இருந்தால் பாதிப்பு தெரியாது. பாதித் தெரு அப்படி ஆகும்போது அந்தக் கணக்கு உடைகிறது. கட்டட விஷயத்தில் 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகள் முதல் அறைக்கு 11 சதுர மீட்டர், இரண்டாவதற்கு 9.3, மற்றவற்றுக்கு 6.5 என்று குறைந்தபட்சப் பரப்பை வகுத்திருக்கின்றன. வரவேற்பறையையும் சாப்பாட்டு அறையையும் பிளாஸ்டர் பலகையால் தடுத்து, ஜன்னல் இல்லாத அறைகளை உருவாக்கும்போது இந்த விதிதான் முதலில் மீறப்படுகிறது. ஜன்னல்களிலும் வாசலிலும் இரும்புக் கிரில் போட்டுப் பூட்டுவது நம் நகரங்களின் வழக்கம். தடுப்பறைகள் நிறைந்த அப்படியொரு வீட்டில் இரவில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பது அண்டை வீட்டாரின் அச்சம் மட்டுமல்ல. அங்கே தூங்கும் மாணவர்களின் உயிர்ப் பிரச்சினை.

வீட்டுக்காரர் ஏன் இப்படிச் செய்கிறார்? கணக்கு எளிது. ஒரு குடும்பம் மாதம் 1,800 வெள்ளி தரக்கூடிய வீட்டை ஆறு அறைகளாக்கி, அறைக்கு 500 வெள்ளி வாங்கினால் 3,000 வெள்ளி வரும் என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் ரூமுக்குக் கூடுதல், சின்ன அறைக்குக் குறைவு என்று விலை மாறலாம்; தனித்தனி அறையாக விட்டால் வருவாய் கூடும் என்பது மாறாது. பல இடங்களில் வீட்டுக்காரர்கூட இதைச் செய்வதில்லை. முழு வீட்டையும் ஒருவர் வாடகைக்கு எடுத்து, அறை அறையாக மறுவாடகைக்கு விடுகிறார். வீட்டுக்காரர் வேறு ஊரில், எடுத்தவர் தொலைபேசியில், குடியிருப்பவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார். அண்டை வீட்டார் புகார் சொல்லப் போனால் கதவைத் திறப்பவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. எல்லாப் புகார்களிலும் இதுவே மையம் என்று தோன்றுகிறது. வீட்டுக்காரர் கீழே குடியிருந்து மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு விட்ட பழைய முறையில் இந்தச் சிக்கல் இவ்வளவு தலைதூக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இடம் கொடுக்கும் வீடுகளில் அந்த முறையை இன்றும் காணலாம்.

குடும்பங்களுக்கு மட்டும்

மிகப் பழைய விடை தடைதான். குடியிருப்புப் பகுதி குடும்பங்களுக்கு உரியது. உறவில்லாதவர்கள் கூட்டமாகத் தங்கக்கூடாது என்பது அதன் சாரம்.

நியூயார்க்குக்கு அருகில், ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தை அடுத்த பெல் டெர்ரே ஏறத்தாழ 220 வீடுகளும் 700 பேரும் கொண்ட சிற்றூர். உறவில்லாத இருவருக்கு மேல் ஒரு வீட்டில் சேர்ந்து வாழக்கூடாது என்று அது விதி வைத்திருந்தது. ஆறு மாணவர்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1974இல் நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. அமைதியான தெருவும், குறைந்த வாகனங்களும், குடும்பச் சூழலும் ஓர் ஊர் விரும்பக்கூடிய நியாயமான நோக்கங்களே என்பது தீர்ப்பின் போக்கு. நீதிபதி மார்ஷல் இதை ஏற்கவில்லை. மக்கள் யாரோடு சேர்ந்து வாழ்வது என்பதில் அரசு தலையிடுகிறது என்பது அவருடைய மறுப்பு.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் மூன்றே ஆண்டுகளில் வெளிப்பட்டது. ஓஹையோ மாநிலத்தின் கிழக்குக் கிளீவ்லாந்தில் ஒரு பாட்டி தன் மகனோடும் இரண்டு பேரன்களோடும் வாழ்ந்தார். பேரன்கள் உடன்பிறந்தவர்கள் அல்லர், பெரியப்பா சித்தப்பா மக்கள். ஊர் விதிப்படி அது ஒரே குடும்பம் ஆகவில்லை, பாட்டிக்குத் தண்டனை. 1977இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடும்பத்துக்கு அரசு எல்லை போட்டால் முதலில் அடிபடுவது மாமா வீட்டில் தங்கிப் படிக்கும் மருமகன்தான். கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1980இல் சாண்டா பார்பராவின் இதுபோன்ற விதியைத் தனியுரிமைக்கு எதிரானது என்று தள்ளியது. அயோவா 2017இலும் கொலராடோ 2024இலும் உறவுமுறையை வைத்து ஆட்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஊர் விதிகளைச் சட்டம் போட்டுத் தடுத்தன. கொலராடோவில் அதைத் தூண்டியது வீட்டுத் தட்டுப்பாடு.

மலேசியாவில் தடை கோருபவர்கள் பெரும்பாலும் நிலப் பட்டாவைக் காட்டுகிறார்கள். குடியிருப்புக்கென்று நிபந்தனை விதிக்கப்பட்ட நிலத்தில் வணிகம் நடக்கிறது, ஆகவே நிபந்தனை மீறல் என்பது வாதம். இதில் வலு இருக்கிறது. ஆனால் குடியிருப்பவர் அங்கே தூங்குகிறார், சமைக்கிறார், படிக்கிறார். வீட்டுக்காரருக்கு அது வருவாய், குடியிருப்பவருக்கு வீடு. யாருடைய கண் வழியாகப் பார்ப்பது? சென்னையில் 2024இல் வந்த கேள்வி இதுவே. பெண்கள் விடுதிகளின் வாடகைக்கு ஜிஎஸ்டி விதிக்கலாமா என்ற வழக்கில், தங்குபவருக்கு அது குடியிருப்பே என்று உயர் நீதிமன்றம் விலக்கு அளித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2022இல் இதே திசையில் ஒரு தீர்ப்பு தந்திருந்தது. வரிக்காகச் சொன்ன விடையை நகரத் திட்டத்துக்கு நேரடியாகப் பொருத்த முடியாது. ஆயினும் வாடகை வாங்குவதாலேயே ஒரு வீடு வணிகக் கட்டடம் ஆகிவிடாது என்ற கருத்துக்கு அது வலுச் சேர்க்கிறது.

விழுக்காட்டுக் கணக்கு

பிரிட்டனின் அனுபவம் இன்னும் நுட்பமானது. லீட்ஸ் நகரின் ஹெடிங்லி, நாட்டிங்காமின் லென்டன் போன்ற பகுதிகளில் 1990களிலிருந்து தெருத் தெருவாக வீடுகள் மாணவர் கைக்கு மாறின. புவியியலாளர் டேரன் ஸ்மித் இந்த மாற்றத்தை ஒரு தனி நிகழ்வாக அடையாளம் கண்டு எழுதினார். மாணவர்களைக் குற்றம் சொல்வதை விட்டுவிட்டு, ஒரே இடத்தில் அளவுக்கு மீறிக் குவிவதைக் கேள்வி கேட்கலாம் என்ற பார்வை அங்கே வளர்ந்தது. குடியிருப்பாளர் அமைப்புகள் கேட்டதும் சமநிலையைத்தான்.

2010 ஏப்ரலில் உறவில்லாத 3 முதல் 6 பேர் வாழும் வீடு தனிப் பயன்பாட்டு வகை ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் புதிய அரசு விதியைத் தளர்த்தி, கட்டுப்பாடு வேண்டும் என்று நினைக்கும் நகராட்சி தனி ஆணை பிறப்பித்துக்கொள்ளலாம் என்று விட்டது. யார்க் நகரம் ஒரு வட்டாரத்தில் 20 விழுக்காடு, 100 மீட்டர் சுற்றளவில் 10 விழுக்காடு என்று வரம்பு வைத்துக்கொண்டது. புதிதாக ஒரு வீட்டை மாற்ற விரும்புபவர் அந்த வரம்புக்குள் இருந்தால்தான் அனுமதி.

இது நியாயமாகத் தெரிகிறது. ஆனால் மூன்று இடங்களில் தடுமாறுகிறது. ஏற்கனவே குவிந்துவிட்ட தெருவை இது கலைக்காது. வரம்பு வைத்த தெருவிலிருந்து மாணவர்கள் வரம்பில்லாத அடுத்த தெருவுக்கு நகர்வார்கள். மூன்றாவது, பலரும் எதிர்பாராத விளைவு: மாணவர் வீடுகளுக்கு நடுவே எஞ்சியிருக்கும் ஒரே குடும்பம் வீட்டை விற்க முயன்றால், குடும்பங்கள் வாங்க வரமாட்டா, முதலீட்டாளரோ அனுமதி கிடைக்காது என்று விலகுவார். யாரைக் காக்க விதி வந்ததோ அவரே மாட்டிக்கொள்கிறார்.

ஹெடிங்லியில் 2000களின் நடுவில் தொடக்கப்பள்ளி மூடப்பட்டது. பிள்ளைகள் குறைந்துபோனார்கள். அந்தக் கட்டடம் பிறகு சமூக மையமானது. செந்தூலைச் சுற்றியுள்ள தமிழ்ப்பள்ளிகளை நேசிப்பவர்களுக்கு இந்தச் செய்தி சற்று அச்சம் தரும். பள்ளிக்கு நடந்து வரும் தூரத்தில் குடும்பங்கள் குறைந்தால் மாணவர் பதிவு குறையும் என்பது இயல்பான ஊகம். ஆனால் பிறப்பு விகிதச் சரிவு, புறநகருக்குக் குடிபெயர்தல், வீட்டு விலை, பெற்றோரின் பள்ளித் தேர்வு எல்லாம் அதே காலத்தில் நடக்கின்றன. அறை வாடகையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாமல் பழியை மாணவர்மீது போடுவது அவசரமாகும்.

பிரிட்டனிலிருந்து அப்படியே எடுக்கக்கூடாத வாதமும் ஒன்று உண்டு. அங்கே மாணவர் மட்டும் வாழும் வீட்டுக்கு நகராட்சி வரி விலக்கு; அதனால் நகராட்சிக்கு இழப்பு என்ற குறை எழுந்தது. கோலாலம்பூரில் மதிப்பீட்டு வரியைச் செலுத்துபவர் சொத்தின் உரிமையாளர். ஆகவே அந்தக் குறை இங்கே பொருந்தாது.

உரிமமும் தரமும்

மூன்றாவது விடை: யார் வேண்டுமானாலும் இருக்கட்டும், வீடு தகுதியானதாக இருக்கட்டும். இங்கிலாந்தின் 2004 வீட்டுச் சட்டம் பலர் பகிரும் பெரிய வீடுகளுக்கு உரிமம் கட்டாயம் ஆக்கியது. 2018 அக்டோபரில் எத்தனை மாடி என்ற நிபந்தனை நீக்கப்பட்டு, வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த 5 பேர் இருந்தாலே உரிமம் வேண்டும் என்றானது. தமிழ்நாடு 2014இல் மகளிர், குழந்தைகள் விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் தனி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பின்னணியில் அதே ஆண்டு பொள்ளாச்சி விடுதியில் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமை இருந்தது. இந்த வகைச் சட்டங்கள் பெரும்பாலும் ஒரு துயரத்துக்குப் பிறகே பிறக்கின்றன.

மலேசியாவில் இதற்கு முன்மாதிரி வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் இருந்த தொழிலாளர் வீடுகளுக்காக வந்தது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயன் வீடுகள் அந்தச் சட்டத்தின் பின்னணியில் இருந்தன. 2019இல் திருத்தி, 2020 ஜூனிலிருந்து மற்றத் துறைத் தொழிலாளர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் கிள்ளான் மேருவில் தொழிலாளர் விடுதிகளைச் சுற்றிப் பரவிய கோவிட் பெருந்தொற்றுக் குழுமம், நெரிசல் எவ்வளவு ஆபத்தானது என்பதை நாட்டுக்கே காட்டியது. இப்போது முதலாளி தரும் தங்குமிடத்தில் ஆளுக்கு எவ்வளவு தூங்குமிடம், எத்தனை பேருக்கு ஒரு கழிவறை என்று சட்டம் சொல்கிறது. தகுதிச் சான்றிதழும் வேண்டும்.

செந்தூலில் ஒரே தெருவில் இரண்டு வீடுகளை நினைத்துப் பார்க்கலாம். ஒன்றில் நிறுவனம் ஏற்பாடு செய்த தொழிலாளர்கள், மற்றொன்றில் மாணவர்கள். முதல் வீட்டில் ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர் என்று சட்டம் கேட்கிறது. இரண்டாவது வீட்டுக்கு அப்படிப் பிரத்தியேகச் சட்டம் இல்லை. பொதுவான கட்டட விதிகளும் தொல்லைத் தடுப்பு விதிகளும்தான். தோட்டப் பாட்டாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு அவருடைய பேத்தி நகரத்துக்குப் படிக்க வரும்போது கிடைக்கவில்லை. விவாதத்தில் இது போதிய கவனம் பெறவில்லை.

உரிமத்தின் பலவீனமும் தெரிந்ததே. ஆய்வாளர்கள் போதிய அளவில் இல்லை. ஒழுங்காக நடத்துபவர் பதிவு செய்து கட்டணம் கட்டுவார். மோசமாக நடத்துபவர் பதிவே செய்யமாட்டார். செலவு வாடகையில் ஏறும். உரிமம் இல்லாத வீட்டை மூடினால் நடுத்தெருவில் நிற்பவர் பரீட்சைக்கு முந்தைய வாரத்தில் இருக்கும் மாணவர். இந்தக் குறைகள் இருந்தும் மற்ற விடைகளைவிட இது பொறுப்பு என்ற மையத்தை நேராகத் தொடுகிறது: பதிவேட்டில் ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கும்.

கல்லூரியே கட்டட்டும்

குடியிருப்பாளர்கள் அடிக்கடி முன்வைக்கும் நியாயம் இது. மாணவரைச் சேர்த்துக் கட்டணம் வாங்குபவர் தங்குமிடமும் தரட்டும். சன்வேயிலும் சுபாங் ஜெயாவிலும் வளாகத்தை ஒட்டி மாணவர் குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. சென்னையில் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் வேறொரு காலத்தில் இதே தேவைக்குப் பிறந்தவை. அவை குடும்ப வீட்டைப் பிரித்தவை அல்ல, தனியாட்களுக்கென்றே கட்டப்பட்டவை.

சிக்கல் இரண்டு. தனியாகக் கட்டிய மாணவர் விடுதிகளின் வாடகை பொதுவாகப் பகிரும் வீட்டைவிட அதிகம். பிடிபிடிஎன் கடனில் படிப்பவர் மறுபடியும் வரிசை வீட்டுக்கே வருவார். அடுத்தது, கல்லூரி நிலையாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. டெய்லர்ஸ் 2010இல் லேக்சைட் வளாகத்தைத் திறந்தது. துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து சுங்கை லோங்குக்கு இடம் பெயர்ந்தது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வகுப்புகள் இணையத்துக்குப் போயின, அறைகள் காலியாயின. மாணவர்கள் போனபின் வீடு குடும்பத்திடம் திரும்பும் என்று நினைப்பதற்கும் சான்று குறைவு. இங்கிலாந்தின் லஃப்பரோவில் மாணவர்கள் புதிய விடுதிகளுக்கு நகர்ந்த பகுதிகளை ஆராய்ந்தவர்கள், பழைய நிலை தானாக மீளவில்லை என்றே காட்டினார்கள். ஆறு அறைகளாகப் பிரித்த வீட்டை மறுபடி ஒரு குடும்பத்துக்கு ஏற்றதாக மாற்றுவது பெருஞ்செலவு.

கதவு யாருக்கு மூடப்படும்

எல்லா விடைகளையும் ஒரு கேள்வி கொண்டு சோதிக்க வேண்டியிருக்கிறது: அறைகள் குறைந்தால் முதலில் வெளியே நிற்பவர் யார்?

மலேசியாவின் வாடகை விளம்பரங்களில் இன்ன இனத்தவருக்கு மட்டும் என்ற நிபந்தனை வெளிப்படையாக இடம்பெறுவது பலரும் அறிந்தது. தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் அறை ஏற்கனவே போய்விட்டது என்ற பதில் இந்திய இளைஞர்களுக்குப் பழக்கமான ஒன்று. ஆப்பிரிக்க மாணவர்களுக்கு நிலைமை இன்னும் கடுமை; பண்டார் சன்வேயின் ஒரு கொண்டோமினியத்தில் 2013இல் அவர்களுக்கு வாடகைக்கு விடுவதையே நிறுத்துவதாக அறிவிக்கப்பட்டது. கூட்டரசு அரசமைப்பின் சமத்துவ விதி இங்கே உதவுமா என்றால், அந்த உரிமைகள் அரசுக்கு எதிராகவே செல்லும், தனியாருக்கு எதிராக அல்ல என்ற நிலையைக் கூட்டரசு நீதிமன்றம் 2005இல் எடுத்தது.

ஆகவே மாணவர் வேண்டாம் என்ற விதி எழுத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தாலும் நடைமுறையில் சமமாக விழாது. பத்து அறைகளில் ஏழு அறைகளின் கதவு ஏற்கனவே மூடியிருக்கும் ஒருவருக்கு மீதி மூன்றில் ஒன்று போவது பேரிழப்பு. செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் போன்ற இந்தியர் செறிந்த வட்டாரங்கள் சிலாங்கூர், பேராக், கெடா தோட்டப்புறங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு நகரத்தின் முதல் வாசலாக இருக்கின்றன. அந்த வாசலைக் குறுக்கும் எந்த விதிக்கும் இந்தக் கோணத்தில் விடை சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது. அமைதியாகத் தூங்க விரும்பும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரின் நியாயத்தை இது குறைப்பதில்லை. இரண்டு நியாயங்களும் ஒரே சமூகத்துக்குள்ளேயே மோதுகின்றன.

அடுக்குமாடியும் வராத சட்டமும்

செந்தூலின் புதிய வீடுகள் பெரும்பாலும் மேல்நோக்கி எழுகின்றன. அங்கே முடிவெடுப்பது தெருச் சங்கம் அல்ல, அடுக்குமாடி நிர்வாக மன்றம். 2020இல் மொன்ட் கியாராவின் வெர்வ் சூட்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், குறுகிய காலத் தங்கலுக்கு வீட்டை விடுவதை நிர்வாக மன்றம் துணைவிதி வழியாகத் தடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தங்கல் வெறும் அனுமதி, குத்தகை உரிமை அல்ல என்பது தீர்ப்பின் அடிப்படைகளில் ஒன்று. 2013 அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி குத்தகை போன்ற சொத்துப் பரிவர்த்தனையைத் துணைவிதியால் தடுக்க முடியாது. ஓராண்டு ஒப்பந்தத்தில் முழு வீட்டையும் எடுக்கும் நான்கு மாணவர்கள் இந்தப் பாதுகாப்புக்குள் வருவார்கள் என்று கொள்ள இடமிருக்கிறது.

வாடகை வீடுகளுக்கான தனிச் சட்டம் தேசிய வீடமைப்புக் கொள்கை 2018–2025இன் காலத்திலிருந்தே பேசப்படுகிறது. முன்பணத்தைப் பாதுகாப்பது, வீட்டுக்காரர்–குடியிருப்பவர் கடமைகளை வரையறுப்பது, இனப் பாகுபாட்டைத் தடுப்பது எனப் பல எதிர்பார்ப்புகள் அதைச் சுற்றி எழுந்தன. அது வரும்வரை 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பொதுச் சட்டம், கைப்பட எழுதிய வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை வைத்தே எல்லாரும் சமாளிக்கிறார்கள்.

இன்னும் திறந்திருப்பவை

இதுவரை பார்த்ததிலிருந்து எச்சரிக்கையோடு சிலவற்றைச் சொல்லலாம். உறவுமுறையை வைத்துத் தடுப்பது சட்டத்திலும் நியாயத்திலும் பலவீனமானது. வீட்டின் தாங்குதிறனை வைத்து ஆட்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதற்கு வலுவான காரணங்கள் உண்டு. அது குடும்பத்துக்கும் மாணவருக்கும் ஒன்றாகவே பொருந்தவேண்டும். விழுக்காட்டு வரம்பு கல்லூரி வாசலில் உள்ள எஸ்எஸ்15க்கு ஓரளவு பயன்படலாம். ரயில் தடத்தை ஒட்டிப் பலதரப்பட்டவர்கள் அறை தேடும் செந்தூலில் மாணவரை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது எதையும் தீர்க்காது. தரமும் பதிவும் பொறுப்பான ஒரு பெயரும் கொண்ட ஏற்பாடு மற்றவற்றைவிட நம்பிக்கை தருகிறது. ஆயினும் அதைக் கண்காணிக்கும் ஆட்பலம் மாநகராட்சிக்கு வேண்டும்.

தீராமல் நிற்கும் கேள்விகளில் கூர்மையானது அறையைப் பற்றியது. வெர்வ் சூட்ஸ் தீர்ப்பு முழு வீட்டின் குறுகிய காலத் தங்கலைப் பற்றிப் பேசியது. பூட்டுள்ள ஓர் அறையை ஆறு மாதத்துக்கு எடுத்து, சமையலறையையும் குளியலறையையும் மற்றவர்களோடு பகிரும் மாணவி குத்தகைதாரரா, அல்லது வெறும் அனுமதி பெற்றவரா? அனுமதி பெற்றவர் என்றால் ஒரு நிர்வாக மன்றம் பொதுக்கூட்டத் தீர்மானம் ஒன்றால் அவரை வெளியேற்ற முடியும் என்ற வாதம் எழும். குத்தகைதாரர் என்றால் அண்டை வீட்டாரின் புகாருக்கு வேறு வழியில் தீர்வு தேட வேண்டும். மறுவாடகைக்கு விட்ட இடைநபரின் நிலையையும் வரையறுக்க வேண்டியிருக்கும். வரவிருக்கும் வாடகைச் சட்டம் வீட்டைப் பற்றி மட்டும் பேசி அறையை விட்டுவிடுமானால், செந்தூலில் அறை எடுத்துத் தங்குபவர்களில் பெரும்பகுதியினர் அதன் பாதுகாப்புக்கு வெளியே நிற்பார்கள்.